துறை வழக்கு, அனைவருக்கும் புரியும்

போனை எல்லாம் பைக்குள் போடுங்கள். நோட்டும் வேண்டாம். தேவை ஆவணங்களில் தெளிவில்லாத சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உங்களுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். அதற்காகக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டோடு கிடந்தவளைக் காரில் ஏற்றி இந்த அஸ்தம்பட்டி அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். கண்டுபிடிப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குத்தான் உங்கள் கணினியிலேயே ஒரு நிரல் இருக்கிறதே. கண்டுபிடித்த பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் இந்த ஆபீசில் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்டு எழுதி, அவர் படித்துக் கையெழுத்துப் போட்டு, அதை வைத்து நிரல் எழுதுகிறவர்கள் வேலையைத் தொடங்குகிறார்களே, அந்தக் காகிதம்தான் தேவை ஆவணம். அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் பாதி வயதும் சேலத்தில் மீதி வயதும் அதற்கே போயின. "விரைவில்", "தேவைப்பட்டால்", "முடிந்தவரை", "போதுமான அளவு" மாதிரிச் சொற்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒரு முட்டை வியாபாரியிடம் "போதுமான அளவுன்னா எத்தனைங்க?" என்று மூன்று தடவை கேட்டதில், "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கோணுமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆபீசில் எனக்குச் "சல்லடை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் சேர்த்து வைத்திருந்த சொற்பட்டியலை ஒரு பையன் நிரலாக்கினான். ஆவணத்தைக் கொடுத்தால் சந்தேகச் சொற்களுக்கு மஞ்சள் பூசிக் காட்டும். அதற்கும் சல்லடை என்றே பெயர் வைத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் இருந்த நாட்களில்தான் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ரிக் கம்பெனி வந்தது. ரிக் என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. இங்கிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எட்டு மாதம் பத்து மாதம் ஊர் திரும்பாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மேனேஜர், துளை போடும் டிரில்லர், கையாட்கள். துளை போடும் இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். எந்த வண்டி எந்தப் பாயிண்டில் நிற்கிறது, எத்தனை அடி போயிருக்கிறது, டீசல் எவ்வளவு இருக்கிறது என்பதை எல்லாம் ஆபீசிலிருந்தே பார்க்க ஒரு செயலி வேண்டும் என்று கேட்டார் முதலாளி. ஆவணம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்றார். "எனக்குப் புரியாத காயிதத்துல நான் கையெழுத்துப் போடறதில்லைங்க." எனக்கு அந்த ஒரு பேச்சிலேயே அவரைப் பிடித்துப் போயிற்று.

பேச்சுவார்த்தையில் குடும்பத் தகவல் என்று ஒரு பகுதி வந்தது. வண்டியில் இருக்கிறவர்களின் வீட்டிலிருந்து வரும் சேதியை ஆபீசில் வாங்கி மேனேஜரின் போனுக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு போன் இருக்கும்போது இது எதற்கு என்று என்னோடு வந்த பையன் கேட்டான். முதலாளி விளக்கினார். துளை ஓடும்போது டிரில்லர் கையில் போன் இருக்கக் கூடாது, அது வண்டி கேபினில் கிடக்கும். அதோடு, கெட்ட சேதியை நம் பக்கத்தில் யாரும் நேராக அந்த ஆளிடம் சொல்ல மாட்டார்கள். ஆபீசுக்குத்தான் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் பக்குவமாகச் சொல்லிக் கூட்டி வரட்டும் என்று.

"ஆனா ஒண்ணுங்க," என்றார் முதலாளி. "வீட்டுச் சேதி எல்லாத்தையும் உடனே சொல்லக்கூடாதுங்க. புள்ளைக்குக் காச்சல், மாடு காங்கலைன்னு தெனமும் வரும். எங்க வண்டில ஒருத்தன் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லீன்னு கேட்டுட்டு அதே நெனப்புல ராடு மாட்டப் போயி ரெண்டு வெரலு போயிருச்சுங்க. அதுனால, சாவுன்னா உடனே சொல்லிரோணும். மத்ததெல்லாம் நேரம் பாத்துச் சொல்லோணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அதை அழகாக எழுதினேன்: "தொழிலாளர் குடும்பத்திலிருந்து வரும் தகவல், மரணமாயின் உடனடியாகவும், பிறவாயின் உரிய நேரத்திலும் வண்டி மேலாளருக்குக் காட்டப்பட வேண்டும்." வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "அடேயப்பா, கோர்ட்டுத் தீர்ப்பாட்ட இருக்குதுங்க" என்று முதலாளி சிரித்தார்.

மேஜையின் கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் போன் எடுக்கிற பெண். வீட்டுச் சேதி வந்தால் சாவா மற்றதா என்று செயலியில் பொத்தானை அழுத்தி அனுப்பப் போகிறவள் அவள்தான். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அதுவரை வாயே திறக்காதவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, செத்துப்போயிட்டாங்கன்னு ஆருங்க்கா போன்ல சொல்லுவாங்க? கொஞ்சம் முடியல, பையனக் கெளம்பி வரச் சொல்லுங்கன்னுதான் சொல்லுவாங்க. நான் எத அழுத்தறதுங்க்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சாப்பாட்டு நேரம், வெளியே இலை போட்டுவிட்டார்கள். முதலாளி, "அம்மணி, ஆராச்சும் சொன்னா உனக்குத் தெரியாதா?" என்றார். அவள் விடவில்லை. "தெரியுமுங்க. ஆனா அவங்க சொல்லாதப்ப, சாவுன்னு நான் எப்படிங்க அழுத்தறது? ஒருவேள உசுரோட இருந்துட்டா?"

இங்கேதான் நான் ஒன்று சொல்ல வேண்டும். என் ஊர் புதுச்சத்திரம். நான் பெங்களூரில் வேலையில் இருந்தபோது ஒரு நாள் காலையில் என் பெரியப்பா மகன் ஆபீசுக்குப் போன் செய்தான். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல பாப்பா, கெளம்பி வா" என்றான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "நீ வா" என்றான். சேலம் தாண்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது. புதுச்சத்திரத்தில் இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் நின்ற தெரிந்த முகங்கள் ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை. தெருமுனையில் சாமியானா போட்டிருந்தது. ஆக, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அந்த அறையில் யாருக்கு விடை தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பழக்கத்துல சரியாயிரும்மா. பயிற்சி குடுக்கும்போது பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன். அவள் "சரீங்க்கா" என்றாள். சாப்பிடப் போனோம். சாப்பாடு நன்றாக இருந்தது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

மறுநாள் இங்கே வந்து ஆவணத்தைச் சல்லடைக்குள் விட்டேன். முழு ஆவணத்திலும் ஒரே ஒரு மஞ்சள். "உரிய நேரத்தில்." என் பட்டியல், நான் சேர்த்த சொல், என்னையே கேட்கிறது. மஞ்சளை நீக்க இரண்டு வழி. திருத்தி எழுதலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் காரணம் எழுதி விலக்கிவிடலாம். திருத்த வேண்டுமானால் முதலாளிக்குப் போன் செய்து, "உரிய நேரம்னா எதுங்க? அதை யாருங்க முடிவு பண்றது?" என்று கேட்டாக வேண்டும். நேற்றுதான் தீர்ப்பு மாதிரி இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார். நம்ம பக்கத்துக்காரிக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரே என்றிருந்தது. சாயங்காலம் ஆவணம் போக வேண்டும். ஒரு மஞ்சள்கூட இல்லாத ஆவணம் என்று காட்ட வேறு ஆசை. இந்தத் தொழிலில் புழங்குகிற பேச்சுதான் என்கிற அர்த்தத்தில் காரணப் பெட்டியில் தட்டினேன்: "துறை வழக்கு, அனைவருக்கும் புரியும்." மஞ்சள் போய்விட்டது. பயிற்சி நாளில் நான் போகவில்லை. பையன்கள் போய் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்தார்கள்.

நிரல் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உரிய நேரம் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் முதலாளி சொன்ன விரல் கதையையும் கேட்டிருந்தார்கள். யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேனேஜர் "பாயிண்ட் முடிந்தது" என்று அழுத்தும்வரை மற்றத் தகவல்கள் போனுக்குள் காத்திருக்கும். அழுத்தியதும் மணி அடித்துத் திரையில் வரும். சோதித்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. நானும் பார்த்தேன். தலையாட்டினேன்.

ஏழெட்டு மாதம் ஒரு புகாரும் இல்லை. அப்புறம் ஒரு நாள், சத்தீஸ்கரில் இருந்த ஒரு வண்டியின் டிரில்லருடைய மச்சான் காலையில் ஆபீசுக்குப் போன் செய்தார். "மாமாவுக்குக் கொஞ்சம் முடியலைங்க. மாப்ளயக் கெளம்பி வரச் சொல்லுங்க." மாமா என்றது டிரில்லரின் அப்பாவை. அந்தப் பெண்ணுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது அதுதான். அவள் உடல்நலக் குறைவு என்று அழுத்தினாள். மேனேஜரின் போனுக்கும் அடித்துப் பார்த்தாள். காட்டுப் பக்கம், செய்தி போகும் அளவுக்குத்தான் சிக்னல், பேச்சு எடுக்கவில்லை. ஆனால் செயலியில் "சேர்ந்தது" என்று பச்சைக் குறி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பினாள். மச்சான் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் மறுபடி அனுப்பினாள், மறுபடி பச்சைக் குறி வந்தது. "போயிருச்சுங்க, கெளம்பியிருப்பாருங்க" என்று சொன்னாள்.

அன்றைக்கு அங்கே பாறை விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் துளைக்குள் இறக்கிய இரும்பு ராடு வேறு மாட்டிக்கொண்டது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அந்தப் பாயிண்ட் முடிந்தது. கணினிக் குறிப்பை நான்தான் பார்த்தேன். செய்தி போனுக்குள் வந்தது முதல் நாள் காலை பத்து நாற்பது. திரையில் காட்டியது மறுநாள் மூன்று பத்து. இருபத்தெட்டு மணி நேரம் அந்தச் செய்தி மேனேஜரின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது, டிரில்லருக்கு நாலு அடி தள்ளி. உடனே சொல்லியிருந்தால் ராய்ப்பூர் போய் விமானம் பிடித்து மறுநாள் காலையில் ஊர் சேர்ந்திருப்பார். வீட்டில் மத்தியானம் மூன்று மணி வரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே மகன். கிளம்பிவிட்டான் என்ற பேச்சைத் தவிர ஆளைக் காணோம். அதற்கு மேல் வைக்க முடியாமல் எடுத்துவிட்டார்கள். குறிப்பின் கடைசி வரி என்ன தெரியுமா? "தகவல் உரிய நேரத்தில் காட்டப்பட்டது. நிலை: வெற்றி." அந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

முதலாளி கூப்பிட்டார். அதே அறை, அதே மேஜை. அவர் முகம் கறுத்திருந்தது. "எங்கிட்ட பதினேழு வருசமா இருக்கற ஆளுங்க. அப்பன் மொகத்தப் பாக்க முடியல. எங்கீங்க தப்பு?" என் மேலதிகாரி என் பக்கம் திரும்பி, நம்மிடம் ஏதாவது பிழை உண்டா என்று கேட்டார். என் பையில் ஆவணம் இருந்தது. எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, முதலாளியின் கையெழுத்து இருக்கும் இடத்தைக் காட்டினேன். "இதுல எழுதியிருக்கறபடிதாங்க வேலை செஞ்சிருக்கு" என்றேன். பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முதலாளி அதைப் பார்த்தார். அப்புறம் மேஜையின் கடைசிக்குத் திரும்பினார். "சாவுன்னு உனக்குத் தெரிஞ்சுதல்ல அம்மணி? அப்புறம் ஏன் ஒடம்பு சரியில்லீன்னு அழுத்துன?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் ஆவணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். பையின் ஜிப் மாட்டிக்கொண்ட மாதிரி அதையே இழுத்துக்கொண்டிருந்தேன். அது மாட்டவே இல்லை, கண்ணுகளா. அவள், "தப்புதானுங்க" என்றாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொரு ஆள் இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அந்த டிரில்லரின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். ஏன் போனேன் என்றால், தூக்கம் பிடிக்கவில்லை. என்னை நானே ஆற்றிக்கொள்ளப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். மொட்டைத் தலையோடு வாசலில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"ஆபீசுல இருந்துங்களா?"

"கம்ப்யூட்டர் வேலை செஞ்சு குடுத்தவங்க நாங்க."

"உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவராகவே பேசினார். "அந்தப் பாயிண்ட்டுல தண்ணி நல்லா வந்துச்சுங்க. ஊர்ச்சனமே வந்து நின்னு கைதட்டுனாங்க. நானும் அந்தத் தண்ணியிலயே மூஞ்சி கழுவிட்டுச் சிரிச்சுட்டு நின்னேனுங்க. அப்பத்தானுங்க போன் அடிச்சுது. இங்க அந்நேரத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டிருந்தாங்களாமா. சித்தப்பா பையன் கொள்ளி வெச்சான்." என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்த ஆபீஸ் புள்ளைய நிறுத்திப்போட்டாங்களாமா? மூணு தடவையும் அதுதான் எடுத்துப் பேசி அனுப்பியிருக்குது. அதும்மேல என்னங்க தப்பு? என்னால ஒரு புள்ள வேல போச்சுன்னு இருக்கக்கூடாதுங்க. மொதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உடைந்தது. "அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. தப்பு என்னுதுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். உரிய நேரத்தில் என்று எழுதியது, அவள் கேட்டது, நான் லேப்டாப்பை மூடியது, மஞ்சளை அழித்தது, ஜிப்பை இழுத்தது.

"அந்தப் புள்ள முன்னாடியே கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க."

"உங்களுக்கு எந்தூருங்க?"

"புதுச்சத்திரம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நம்ம பக்கந்தானுங்களே" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் அம்மா வந்து, "தண்ணி குடிங்க சாமி" என்று செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். துக்க வீட்டில் வேண்டாம் என்று சொல்லக்கூடாது அல்லவா.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்க" என்றார். செயலியை மாற்றினோம். இப்போது எந்தச் சேதியும் வந்த நிமிடமே மேனேஜருக்குக் காட்டும். எப்போது டிரில்லரிடம் சொல்வது என்பதை அந்த மனுசன் பார்த்துக்கொள்வான். "கெளம்பி வரச் சொன்னார்கள்" என்று தனியாக ஒரு பொத்தானும் வைத்தோம். அந்தப் பெண் கேட்ட அன்றே வைத்திருக்க வேண்டியது. ஐந்து நிமிட வேலை.

அவளை மறுபடி வேலைக்கு வரச் சொல்லி முதலாளி கூப்பிட்டார். வரவில்லை. ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தாள். நான் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கடை வாசலிலேயே நின்று பேசினாள்.

"வேல போனது பரவாயில்லீங்க்கா. வேற கெடைச்சிருச்சு. அன்னிக்கு உங்க மூஞ்சியத்தானுங்க்கா பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வாரேனுங்க்கா" என்று போய்விட்டாள்.

சரி. நீங்கள் இன்றைக்குப் பழகப் போவதும் அதே சல்லடைதான். இப்போது மெருகேற்றியிருக்கிறார்கள், பெயர்கூட மாறிவிட்டது. நான் ஓய்வு பெற்ற அன்று பழைய பதிவுகளை எல்லாம் நீக்கிவிடலாமா என்று கேட்டார்கள். ஒன்றை மட்டும் நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். இப்போது கணினியைத் திறங்கள். இடது பக்கம் "விலக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல் இருக்கும். முதல் வரியைப் பாருங்கள். சொல்: உரிய நேரத்தில். காரணம்: துறை வழக்கு, அனைவருக்கும் புரியும். விலக்கியவர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர்.